நெல்லையில் நிலைப்பொருள் ஓவியக் கண்காட்சி: முதல் முறை வைப்பவர்களுக்கு

மேசை மேல் ஒரு செம்பு, இரண்டு எலுமிச்சை, பத்தமடைப் பாயின் ஓரம், பாதி சீவிய நொங்கு. இவற்றை நாள்கணக்கில் உற்றுப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்தபடி எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, வீட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராயிங் மாஸ்டர்கள் ஸ்டில் லைஃப் என்று சொல்லிக் கொடுக்கும் நிலைப்பொருள் ஓவியத்தைக் காட்சிக்கு வைக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். சருவத்தையும் சுளவையும் கும்பாவையும் அன்றாடம் கையாண்ட மனிதர்கள் இருக்கும் ஊரில்தான் இந்த ஓவியங்களுக்கு மிகக் கூர்மையான பார்வையாளர்கள் கிடைப்பார்கள்.

ஆனால் இந்த வகை ஓவியம் எந்தச் சுவரையும் பொறுத்துக்கொள்ளாது. பெரிய நிலக்காட்சியை எங்கே மாட்டினாலும் ஓரளவு தன்னைக் காட்டிக்கொள்ளும். எலுமிச்சையின் அடியில் விரல் அகலத்துக்கு விழுந்திருக்கும் நிழலை நம்பி நிற்கும் ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. ஓவியர் எந்தப் பக்கத்து வெளிச்சத்தில், எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாரோ, பார்ப்பவரையும் அதே நிலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கண்காட்சி அமைப்பவரின் முதன்மையான வேலை இதுதான்.

ஓவியத்தின் பின்புறம் மூன்று குறிப்புகள்

மண்டபம் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஓவியத்தையும் திருப்பி, பின்புறத்து மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸ் துணியின் முதுகில் எழுத வேண்டாம். அழுத்தம் நாளடைவில் முன்பக்கத்தில் தடம் காட்டக்கூடும்.

முதல் குறிப்பு, வெளிச்சம் வந்த திசைக்கு ஓர் அம்புக்குறி. நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரைந்தால் போதும். வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் கையின் நிழல் வேலையின் மேல் விழாதபடி வெளிச்சத்தை இடப்பக்கம் வைத்துக்கொள்வதால், அவர்களுடைய ஓவியங்களில் அநேக அம்புகள் இடமிருந்தே வரும்.

இரண்டாவது, கண்ணின் உயரம். வரைந்தபோது நின்றீர்களா, நாற்காலியில் இருந்தீர்களா, தரையில் சம்மணமிட்டிருந்தீர்களா என்று எழுதுங்கள். மறந்துபோயிருந்தால் ஓவியத்தில் இருக்கும் பாத்திரத்தின் வாயைப் பாருங்கள். வாய் கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரிந்தால் கண் அந்த வாயின் மட்டத்திலேயே இருந்திருக்கிறது. நன்றாகத் திறந்த நீள்வட்டமாகத் தெரிந்தால் மேலிருந்து குனிந்து பார்த்திருக்கிறீர்கள். செம்பின் வாய் பொய் சொல்லாது.

மூன்றாவது, தூரம். ஓவியத்திலிருந்து பின்னால் நடந்துகொண்டே போங்கள். தூரிகைத் தடங்கள் மறைந்து பித்தளை பித்தளையாகவும், பழத்தோல் பழத்தோலாகவும் மாறும் இடம் ஒன்று வரும். அந்த அளவை எழுதிவையுங்கள். கூடத்தில் எந்தச் சுவர் எந்த ஓவியத்துக்கு என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

எதை வைப்பது, எதை விடுவது

முதல் கண்காட்சிக்கு 12 முதல் 15 ஓவியங்கள் போதும். வரைந்ததையெல்லாம் வைக்கும் ஆசை வரும். பாட்டியின் உருவப்படம், தாமிரபரணிப் படித்துறை, முருகன் படம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அவை நன்றாகவே இருக்கலாம். ஆனால் முகம் ஒன்று சுவரில் இருந்தால் கூட்டம் அங்கேதான் போகும், பக்கத்தில் இருக்கும் மண்பானை கண்ணில் படாது.

ஒரே செம்பு நான்கு ஓவியங்களில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். இத்தாலியின் பொலோனியா நகரத்தில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) தன் அறையில் வைத்திருந்த சில புட்டிகளையும் குவளைகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். அந்தப் புட்டிகளின் மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்காமல் விட்டிருந்தார். ஒரே பொருள் திரும்ப வரும் ஓவியங்களை அடுத்தடுத்து மாட்டுங்கள். செம்பை விட்டு வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் தாமாகவே தொடங்குவார்கள்.

காருகுறிச்சி மண்பானை, வெண்கல விளக்கு, ஓலைப்பெட்டி, அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், கருப்பட்டிச் சில்லு, சாரல் காலத்தில் குற்றாலத்தில் விற்கும் மங்குஸ்தான் என்று இந்த மண்ணில் வரைவதற்குக் குறைவே இல்லை. ஆனால் கண்காட்சி முழுவதும் பழம்பொருளாகவே இருந்தால், மறைந்துபோன காலத்துக்கு ஏங்கும் சாயல் வந்துவிடும். எவர்சில்வர் டம்ளரும், பிளாஸ்டிக் குடமும், மருந்துச் சீட்டின் மேல் வைத்த மூக்குக் கண்ணாடியும் இன்றைய வீட்டின் பொருட்கள்தாம். எவர்சில்வரை வரைவது செம்பை வரைவதைவிடக் கடினம். ஜன்னல், மேசை, எலுமிச்சை, வரைபவரின் சட்டை எல்லாம் அதற்குள் வளைந்து தெரியும். அப்படி ஓர் ஓவியம் உங்களிடம் இருந்தால் நுழைவாயிலுக்கு நேரே மாட்டுங்கள்.

மாதமும் மண்டபமும்

கல்யாண முகூர்த்தங்கள் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் சிறு மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். இவற்றில் புரட்டாசியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தெற்கில் வெறும் பழமொழி அன்று. திறந்த வராந்தா உள்ள மண்டபத்தில் ஓவியம் மாட்டும் தட்டிகள் நிற்காது. மார்கழியில் மழையின் கடைசிப் பகுதி மிச்சம் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய தரைத்தளக் கூடத்தில் கேன்வாஸ்களை வைக்கத் துணிய மாட்டார்கள். ஆனியில் வைப்பதாக இருந்தால் நெல்லையப்பர் தேரோட்ட நாளைத் தள்ளி வையுங்கள். அன்று டவுன் பக்கம் வண்டியே நுழையாது.

கல்யாண மண்டபம் தவிர, பள்ளி, கல்லூரி அரங்குகளையும் கேட்கலாம். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் சுவரும் பாதுகாப்பும் பெரிய கவலையாக இருக்காது. எந்த இடமானாலும் காலை 10 மணிக்கு ஒரு முறையும் மாலை 4 மணிக்கு ஒரு முறையும் போய் நின்று பாருங்கள். ஒரே ஒரு முறை, அதுவும் ராத்திரி டியூப் லைட்டில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் எது என்று அந்தப் பகுதிக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் விளக்கு எரியாத நாள் திறப்பு விழா நாளாக அமைந்துவிடக் கூடாது.

மண்டபச் சுவர்கள் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பளபளக்கும் பெயின்ட் அடித்திருக்கும். அந்த நிறம் ஓவியத்தின் மேல் தெறிக்கும். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகைகளைப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்து, காடாத் துணியை இழுத்துக் கட்டி, ஒன்றோடொன்று கோணமாக நிறுத்துங்கள். காடாவின் மங்கிய வெள்ளை இந்த ஓவியங்களுக்கு மிகவும் ஒத்துப்போகும். பலகைகள் சாயாமல் இருக்க அடியில் மணல் மூட்டை வைக்க வேண்டும்.

வெளிச்சம்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

ஐரோப்பியப் பாடநூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைப் புகழும். அங்கே சூரியன் தெற்கு வானத்திலேயே போவதால் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவது அரிது, நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே மே, ஜூன், ஜூலையில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரும். அந்த மாதங்களில் கூடத்தின் வடக்கு ஜன்னலை நம்பிச் சுவரை ஒதுக்காதீர்கள். மெல்லிய வெள்ளை வேட்டித் துணியைத் திரையாகப் போடுங்கள். ஓவியத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஜன்னலை முழுதாக மூடிவிடுங்கள், இல்லையென்றால் வார்னிஷ் மேல் ஜன்னல்தான் தெரியும்.

இனி விளக்கு. மண்டபத்து வெள்ளை டியூப் லைட்டுகள் பலவும் நீலம் கலந்த 6500 கெல்வின் வகை (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு). அதன் கீழ் பித்தளை ஈயம்போல் வெளிறிவிடும். 3000 முதல் 4000 கெல்வினுக்குள் உள்ள எல்.இ.டி. ஸ்பாட் லைட் வாங்குங்கள். நிறங்களை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான விளக்குகளில் இந்த எண் 80 அல்லது அதற்கும் கீழே இருக்கும், சிவப்புகள் செத்துப்போகும். மங்குஸ்தானின் தோல் வெறும் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் விளக்கின் வேலை.

விளக்கு செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் ஓவியத்தின் மேல் விழ வேண்டும். விளக்கு 3 மீட்டர் உயரத்திலும், ஓவியத்தின் நடுப்புள்ளி 145 செ.மீ. உயரத்திலும் இருந்தால், சுவரிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. தள்ளி விளக்கை மாட்டுவது சரியாக வரும். அதைவிட நெருக்கமாக மாட்டினால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின் மேல் விழும், தூரமாக மாட்டினால் பார்ப்பவரின் கண்ணில் பளபளப்பு அடிக்கும்.

இப்போது பின்புறத்தில் போட்ட அம்புக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு இடமிருந்து வந்தால் விளக்கையும் நடுவிலிருந்து இடப்பக்கம் சற்று நகர்த்துங்கள். வரைந்த வெளிச்சமும் உண்மை வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வரும்போது, ஓவியத்துக்குள் இருக்கும் நிழல் இந்த அறையின் நிழலாக மாறிவிடுகிறது. செம்பு தட்டியிலிருந்து முன்னால் வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே ஏதோ ஒட்டாததுபோல் இருக்கும். வலமிருந்து வெளிச்சம் வரும் ஓவியங்கள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றை ஒரு தனித் தட்டியில் சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சம் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குச் சுமார் 200 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் என்ற வரம்பைப் பின்பற்றுகிறார்கள். வெயிலிலிருந்து நேராக உள்ளே வருபவர்களுக்கு இது இருட்டாகத் தோன்றும். சுவரோவியங்கள் நிறைந்த குற்றாலத்துச் சித்திர சபைக்குள் நுழைபவர்கள் இதை அறிவார்கள்: முதலில் சுவர் மட்டும்தான் தெரியும், கொஞ்சம் நின்ற பிறகு உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். அதனால் வாசலை ஒட்டிய இடத்தில் ஓவியம் எதுவும் மாட்டாமல், வருகைப் பதிவேட்டையும் தண்ணீர்ப் பானையையும் வையுங்கள். பெயர் எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் கண் பழகிவிடும்.

உயரம்

பொதுவான வழக்கம், ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது. ஆணி அடிக்கும் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நடுப்புள்ளியின் உயரத்தோடு ஓவிய உயரத்தில் பாதியைக் கூட்டி, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து இழுத்துப் பிடித்த கம்பி வரை உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 60 செ.மீ. உயரமுள்ள ஓவியத்தில் கம்பி 8 செ.மீ. கீழே இருந்தால், 145, அதோடு 30, அதில் 8 போக 167 செ.மீ. உயரத்தில் ஆணி. கண் மதிப்பில் அடிக்காமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

நிலைப்பொருள் ஓவியத்தில் இந்த வழக்கத்தை மீறவும் வேண்டியிருக்கும். அருவாமனையும் நறுக்கிய வாழைக்காயும் தரையில் இருக்க, மேலிருந்து பார்த்து வரைந்த ஓவியத்தை 120 செ.மீ. அளவுக்குத் தாழ்த்தி மாட்டுங்கள். பார்ப்பவர் குனிந்து பார்க்கும்போது தரை தரையாகத் தெரியும். அதையே உயரத்தில் மாட்டினால் வாழைக்காய் சரிந்து விழப்போவதுபோல் இருக்கும். உறியில் தொங்கும் சட்டியை அண்ணாந்து பார்த்து வரைந்திருந்தால் 160 செ.மீ. வரை ஏற்றலாம். பின்புறத்தில் எழுதிய இரண்டாவது குறிப்பு இங்கேதான் பயன்படும்.

பெயர், விலை

ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு இருந்தால் போதும். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். பெயருக்கு ‘மௌனம்’, ‘நினைவின் நிழல்’ என்றெல்லாம் தேட வேண்டாம். ‘பித்தளைச் செம்பும் மூன்று எலுமிச்சையும்’ என்று இருப்பதைச் சொல்லுங்கள். ஸ்பெயின் நாட்டு ஓவியர் சாஞ்செஸ் கோத்தான் 1602ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்று, அதிலுள்ள சீமைமாதுளை, முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரி ஆகியவற்றின் பெயர்களாலேயே அழைக்கப்படுகிறது. முதல் இரண்டையும் ஜன்னல் சட்டத்தில் கயிற்றால் தொங்கவிட்டு வரைந்திருக்கிறார். பொருளின் பெயரைத் தமிழில், அதுவும் இந்த வட்டாரத்தில் வழங்கும் பெயரில் எழுதுங்கள். முறம் என்று எழுதாமல் சுளவு என்றே எழுதலாம்.

விலைக்கு எளிய முறை, சதுர அங்குலத்துக்கு ஒரு தொகை. 16க்கு 20 அங்குல ஓவியம் 320 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 8,000 ரூபாய், சட்டத்தின் செலவு தனி. தொகை எதுவாக இருந்தாலும் எல்லா ஓவியத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். மனதுக்குப் பிடித்த ஓவியத்துக்கு மட்டும் விலையை ஏற்றுவது வாங்க வருபவரைக் குழப்பும். கொடுக்க மனமில்லை என்றால் விற்பனைக்கு அல்ல என்று எழுதிவிடுங்கள். நீங்களாக வரைந்த ஓவியத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய உங்களிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஓவியரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ரசீதில் இதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோவது

எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகி உலர்வதில்லை; காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே இளகியே இருக்கும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுப்பது நல்லது. புதிய ஓவியத்தை நெகிழித் தாளில் நேரடியாகச் சுற்றிக் கத்திரி வெயிலில் லோடு ஆட்டோவில் ஏற்றினால் தாள் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கத்தில் பட்டர் பேப்பர், மூலைகளில் அட்டைத் துண்டு, பிறகு முகத்தோடு முகம் சேர்த்து நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்ட வேண்டும். படுக்க வைக்கவே கூடாது.

காட்சி நாட்கள்

யாரை அழைப்பது? ஓவிய ஆசிரியர்களும் நண்பர்களும் எப்படியும் வருவார்கள். பாத்திரக் கடை அண்ணாச்சிகளையும், பாய் முடைபவர்களையும், மண்பாண்டம் வனைபவர்களையும் நேரில் போய் அழையுங்கள். “அண்ணாச்சி, இந்தச் செம்பின் கழுத்து சரியாக வந்திருக்கிறதா, வந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டால் கட்டாயம் வருவார்கள். விளிம்பு தட்டையாக இருக்கிறது, பானையின் அடி இவ்வளவு உருண்டிருக்காது என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விமர்சகரிடமும் கிடைக்காத பாடம் அது.

இந்தப் பகுதி மக்களின் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலுவான ஓவிய மரபும் இருக்கிறது. 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் காலண்டர்களாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. பலர் உங்கள் ஓவியத்தையும் அந்தப் பழக்கத்தோடுதான் அணுகுவார்கள்: விளக்கின் சுடரை, நகையின் மினுக்கத்தை, பூவின் இதழை முதலில் தேடுவார்கள். அதைக் குறையாக எண்ணாமல், அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

வரைந்ததா ஒட்டியதா என்று தொட்டுப் பார்க்கக் கை நீளும். ‘தொடாதீர்கள்’ என்ற அட்டையைவிட, அதே வண்ணத்தில் தீட்டிய சிறு கேன்வாஸ் ஒன்றைத் தொடுவதற்கென்றே மேசையில் வைப்பது மேல். ஓவியத்தில் உள்ள பொருளை ஓவியத்துக்குப் பக்கத்திலேயே வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எல்லோரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஒற்றுமையைத் தேடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மைப் பொருட்களைப் பிள்ளைகளுக்காகத் தனி மூலையில் வையுங்கள்: ஒரு மேசை, ஒரே ஒரு விளக்கு, ஒரு செம்பு, ஓர் எலுமிச்சை, சுற்றிலும் காகிதமும் பென்சிலும். ஒரே செம்பு ஒவ்வொருவர் தாளிலும் வேறு வேறு நிழலோடு வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

விற்ற பிறகு

ஓவியத்தை ஒப்படைக்கும்போது ஒரு துண்டுத் தாளில் பராமரிப்பையும் எழுதிக் கொடுங்கள். சமையலறைப் புகையும் நேர்வெயிலும் படாத சுவர் வேண்டும், தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்ட வேண்டும், ஈரத்துணியோ எண்ணெயோ படவே கூடாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டுவதாக இருந்தால் சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டித் தரலாம். காற்றுப் போக இடம் இருக்கும், கரையான் வந்தாலும் முன்கூட்டியே தெரியும். வார்னிஷ் பூசாத ஓவியமாக இருந்தால், அதைப் பூசித் தர நீங்கள் திரும்ப வரும் மாதத்தை ரசீதிலேயே குறிப்பிடுங்கள். அன்று போகும்போது பின்புறத்து அம்புக்குறியையும் அந்த வீட்டு ஜன்னலையும் ஒத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேறு சுவரில் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.